நெருப்பு, சிறியது

“நினைச்சுப் பண்ணினதா, தவறிப் பண்ணினதா? ஜப்பான் கம்பெனியில அதை மட்டும்தாம்மா கேக்கறாங்க” என்றார் கலியமூர்த்தி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பால்கனிக் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கையில் என் கொழுந்தன் எழிலின் பனியன். அதை மடிப்பதா உதறுவதா என்று புரியாமல் பிடித்தபடி நின்றேன்.

“ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?”

“நிறைய இருக்கு. தவறிடுச்சுன்னு சொன்னா, உடனே சரிபண்ணிட்டோம்னு காட்டணும். வேற ஆளை வெச்சு முழுசும் பேசி அனுப்பணும். அப்புறம் மூணாவது பாகமும் அந்த ஆளுக்குத்தான் போகும். ஒரே குரல்தான் வேணும்னு சொல்லுவாங்க. நினைச்சுத்தான் பண்ணினோம்னா, ஏன்னு காரணம் எழுதி அனுப்பணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க.”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“அன்னிக்கு ரெக்கார்டிங்ல எனக்கு அந்தச் சத்தம் வித்தியாசமாவே படலம்மா. நல்லாருக்குன்னு ஓகே சொல்லிட்டேன். இப்ப எல்லாரும் சிரிச்சப்புறம் கேட்டா எனக்கும் சிரிப்பு வருது. என்ன பண்றது, சொல்லுங்க.”

கலியமூர்த்தி டப்பிங் இயக்குநர். நான் குரல் கொடுப்பவள். ‘நீலத் தணல்’ என்ற ஜப்பானிய அனிமே பொம்மைப் படத் தொடரில், நீல நெருப்பை ஆளும் குரோகானிடமிருந்து தன் ஊரை மீட்கக் கிளம்பும் தொமாரி என்ற பதினான்கு வயதுப் பையனுக்குத் தமிழில் நான்தான் பேசுகிறேன். பையன்களுக்குப் பெண்கள்தான் பேசுவோம். நிஜப் பையனைப் பிடித்து வந்தால் பாதித் தொடரில் குரல் உடைந்துவிடும். முப்பத்தாறு வயதுப் பெண்ணின் குரல் உடையாது என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை.

தமிழில் இரண்டு பாகங்கள் வந்துவிட்டன. இப்போது அதை வைத்து வீடியோ கேமாக ஒரு சண்டை விளையாட்டு வந்திருக்கிறது. தொடரில் வரும் இருவரை எதிரெதிரே நிறுத்தி, ஒருவர் விழும்வரை மோதவிடும் ஆட்டம். அதிலும் தமிழ்க் குரல் உண்டு.

விளையாட்டுக்குப் பேசுவது வேறு மாதிரி. திரையில் படம் ஓடாது. பார்த்துப் பேச வாயசைவு இருக்காது. எந்தெந்தச் சத்தம் வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்துவிடுவார்கள். உதை வாங்குவது, சுவரில் மோதுவது, பல்லைக் கடித்து எழுந்து நிற்பது. ஒவ்வொன்றிலும் சிறியது, நடுத்தரம், பெரியது. இவற்றை ரியாக்‌ஷன் என்போம். அன்று காலையிலிருந்து அடி வாங்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில் நெருப்பு வந்தது. பெரியதற்கு அலறினேன். நடுத்தரத்துக்குக் கத்தினேன். “நெருப்பு, சிறியது” என்று ஒலிக்கூடத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கலியமூர்த்தி சொன்னதும், என் வாய் பல்லிடுக்கில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது. ‘ஹா, ஹா’ என்று விரல் நுனியில் ஊதியது. ‘ஸப்பா’ என்று முடித்தது. கையையும் உதறியிருக்கிறேன் போலிருக்கிறது. வளையல் சத்தம் விழுந்துவிட்டதென்று இன்னொரு டேக் கேட்டார்கள். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, அதையே அச்சு மாறாமல் மறுபடி செய்தேன்.

நினைத்துச் செய்ததா? முதல் தடவை அது தானாக வந்தது. இரண்டாவது தடவை வளையலைக் கழற்றத் தெரிந்தவளுக்கு, தான் செய்வது என்னவென்று தெரியாமலா இருந்திருக்கும்? இதை அந்த வெள்ளிக்கிழமை இரவு பாத்திரம் கழுவும்போது கேட்டுப் பார்த்தேன். பாத்திரங்கள் மட்டும் வழக்கத்தைவிடச் சுத்தமாயின.

ஆட்டம் வெளியான நாளிலிருந்து பாதிப் பேர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நெருப்பு அப்படியே கையால் வரைந்தது போல் இருக்கிறது என்றார் ஒருவர். நெருப்பு இருக்கிறது, ஆட்டம் எங்கே என்றார் அடுத்தவர். ஆட வீரர்கள் குறைவு. கதைப் பகுதியில் அசையாத படங்களைக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள். இணையத்தில் வெளியூர்க்காரனோடு மோதினால் திக்கித் திக்கி ஓடுகிறது. இதெல்லாம் என்னைத் தொடவில்லை. நான் தேடித் தேடிப் படித்தது தமிழ்க் குரலைப் பற்றி எழுதியவற்றை மட்டும்தான். “முதல் தடவையா என் பாஷையில அடி வாங்கறேன், கண்ணு கலங்குது” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே அந்த வீடியோ இருந்தது. குரோகான் கையை நீட்டுகிறான். நீல நெருப்பு பாய்ந்து வருகிறது. தொமாரியின் மேல் படும் கணத்தில் காட்சி மாறி அடுப்பில் ஒரு தோசைக்கல். ‘ஸ்ஸ்ஸ், ஹா, ஹா, ஸப்பா.’ அடியில் யாரோ எழுதியிருந்தார்கள்: “தொமாரி, சட்னி ரெடியா?”

முதலில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான், சிரிப்பது என் குரலைக் கேட்டு என்று உறைத்தது.

தொமாரி போய்விட்டால் எனக்கு என்ன போகும் என்று சொல்ல வேண்டும். சம்பளம் போகும், அதை விடுங்கள். விளம்பரங்களுக்கும் மற்றப் பொம்மைப் படங்களுக்கும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் வளர்ந்தது ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலெல்லாம் தூங்குவார். எங்கள் வீட்டில் பகல்தான் ராத்திரி. கதவை மெதுவாகச் சாத்த, தட்டை மெதுவாக வைக்க, சிரிப்பை உள்ளங்கையில் பொத்திக்கொள்ளப் பழகினோம். அப்பா ஓய்வு பெற்று, குடியிருப்பைக் காலி செய்து, நான் கல்யாணமாகி அம்பத்தூருக்கு வந்த பின்பும் என் குரல் அந்த ஷிப்டிலேயே இருந்தது. கணவர் நிர்மலுக்கு இப்போது புனேயில் வேலை. போனில் பேசினால், “சௌம்யா, லைன்ல இருக்கியா?” என்று நடுநடுவே கேட்பார்.

தொமாரி வேறு. அவன் எதையும் மெதுவாகச் சொன்னதே இல்லை. “நில்லாதே, ஓடு!” என்பது அவன் வாய்ப்பாடு. அதைச் சொல்லாத பகுதியே கிடையாது. மைக்குக்கு முன்னால் நின்று அதைச் சொல்லும்போதெல்லாம் முதுகுத்தண்டில் ஒரு கதவு படாரென்று திறக்கும். அந்தக் கதவைச் சாத்திவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன். அங்கே அது இருக்கிறது என்பதால்தான் இங்கே அமைதியாக இருக்க முடிந்தது என்று நினைக்கிறேன். அதை வேறொருத்தி திறக்கப் போகிறாள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டில் யாருக்கும் நான் தொமாரி என்று தெரியாது. தொடருக்கும் ஆட்டத்துக்கும் சேர்த்து, ஆட்டம் வெளியாகும்வரை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வெளியானதும் எழிலிடம் சொல்லி அவனை அசத்த வேண்டும் என்று காத்திருந்தேன். அவன் அந்தத் தொடரின் பைத்தியம். ஆனால் ஜப்பான் மொழியில்தான் பார்ப்பான். “டப்பிங்ல பாக்குறவன்லாம் மனுசனா?” என்பான். ஆட்டம் வந்த மறுநாள் காலை, இட்லியைப் பிட்டுக்கொண்டே, “அண்ணி, தமிழ்ல எவனோ ஒருத்தன் தொமாரியைக் கொல பண்ணி வெச்சிருக்கான்” என்றான். நான் அவனுக்கு இன்னொரு இட்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் எழிலின் நண்பர்கள் வந்தார்கள். அம்பத்தூரை அடுத்த பாடியில் அவன் வேலை செய்யும் உதிரிபாகத் தொழிற்சாலையிலேயே வேலை பார்க்கும் விஷாலும் ரோஷினியும். ஆட்டத்தை ஆடிப் பார்க்கத்தான். அவர்களுக்கு அடை வார்ப்பதாக என் மாமியார் ஜெகதாம்பாள் காலையிலேயே அறிவித்திருந்தார். அவர் கல்லருகே நின்றார். நான் கீழே உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே கதவில்லை, ஒரு திரைச்சீலை மட்டும்தான்.

“ஆன்லைன உடு மாமே” என்றது விஷாலின் குரல். “நான் அடிச்சி முடிச்சி, டீ குடிச்சிட்டு வந்தப்புறம்தான் அவன் கீழ உழறான். நம்மளே அடிச்சிக்கலாம்.”

“நான்தான் தொமாரி” என்றாள் ரோஷினி.

“எடுத்துக்கோ. எனக்கு குரோகான்தான் வேணும். அவன்கிட்டதான் ஐட்டம் கீது.”

ஐட்டம் எது என்று உடனே தெரிந்தது. ‘ஸ்ஸ்ஸ், ஹா, ஹா, ஸப்பா.’ கூடமே சிரித்தது. அவன் மறுபடி அதே பொத்தானை அழுத்தினான். மறுபடி. பெரிய நெருப்பை விட்டால் ஆட்டம் முடிந்துவிடும் என்பதால், சின்னதையே தேர்ந்தெடுத்து என்னைச் சுட்டுக்கொண்டிருந்தான். வெங்காயம் கையில் இருந்தது நல்லதாயிற்று.

“டேய், அதே அடியை அடிச்சுக்கினே கீறியே, வெக்கமா இல்ல?” என்றாள் ரோஷினி.

“ஜெயிக்கவா அடிக்கிறேன்? பாட்டு கேக்குறேன்.”

“ஜப்பான் வாய்ஸ் போட்றா” என்றான் எழில். “தமிழ்ல கேட்டா உடம்பு கூசுது.”

“இன்னாத்துக்குக் கூசுது? ஜப்பான்காரன் கத்துனா மட்டும் உனக்கு அப்டியே புரிஞ்சிடுதா?”

“புரிய வேணாம் ரோஷினி. கெத்தா இருந்தா போதும். ஊரையே காப்பாத்துற ஹீரோ. அவன் போய் அடுப்பாண்ட நிக்கிற மாதிரி ஊதிகினு நிக்கிறான்.”

“பொய்யா கத்தாம நெசமா கத்துது பாரு, அதான் உனக்கு ஒத்துக்கல. எனக்குப் புடிச்சிருக்குப்பா. ஆட்டத்துலயே அது ஒண்ணுதான் உருப்படி.”

“அப்ப ஆட்டமே தேறாதுன்னு சொல்லு.”

“அத்த நான் சொல்லல, ஊரே சொல்லுது.”

கத்தியைக் கீழே வைத்தேன். இவர்கள் மூவரும் என் முன்னால் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுவது போலிருந்தது. ரோஷினி சொன்னதைவிட எழில் சொன்னதுதான் என்னிடம் ஒட்டியது. அடுப்பண்டை. அந்த ஒலிக்கூடம் இந்த வீட்டுக்கு வெளியே இருக்கிறது என்று நம்பியிருந்தேன். அங்கே போனால் நான் சௌம்யா இல்லை என்று. எங்கேயோ ஓர் அடுப்பைக் கூடவே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு பையனின் வாய்க்குள் ஒரு குடும்பப் பெண் எட்டிப் பார்த்துவிட்டாள், எல்லோரும் பார்த்துவிட்டார்கள். தவறிவிட்டது என்றே சொல்லிவிடலாம். அப்படி முடிவு செய்தபோது, முடிவு செய்துவிட்டோம் என்ற லேசான உணர்வுகூட வரவில்லை.

“இன்னாடா கூச்சல் அங்க!” என்று மாமியார் திரைப்பக்கம் திரும்பினார். “ஞாயித்துக்கெயமகூட ஒரு ஊட்ல நிம்மதியா...”

தோசைத்திருப்பி நழுவியது. அதைப் பிடிக்கப் போன விரல்கள் கல்லின் விளிம்பில் பட்டன.

“ஸ்ஸ்ஸ்! ஹா... ஹா... ஹா... ஸப்பா!”

கூடத்தில் அப்போது ஒரு சுற்று முடிந்து அமைதியாக இருந்தது.

“டேய், யார்றா அமுக்குனது?” என்றான் விஷால்.

“நான் தொடவே இல்ல மச்சான்.”

“ரோஷினி, நீயா?”

“ஆட்டமே முடிஞ்சிடுச்சே!”

“ஸ்ஸ்ஸ்... ஹா, ஹா, ஹா” என்று மாமியார் மறுபடி ஊதினார். இந்தத் தடவை சத்தம் எங்கிருந்து வருகிறதென்று மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு கூடம் இடிந்து விழுவது போல் ஒரு சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். அந்த ‘ஸ்ஸ்ஸ்’ஸின் நீளம், அது பல்லில் மோதும் இடம், ஊதுவதற்கு முன் விழும் சின்ன இடைவெளி, எல்லாம் எனக்குத் தெரியும். நான் செய்தவை அவை. என்னுடையவை என்று நினைத்திருந்தவை. ஆவடி வீட்டில் என் அம்மா விரலைச் சுட்டுக்கொண்டால் சத்தம் வராது. விரலை வாயில் வைத்து உதட்டை இறுக்கிக்கொள்வாள், கண் மட்டும் நிறையும், உள்ளே அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன், இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். சுட்டால் இப்படியும் கத்தலாம் என்று கற்றது இந்தச் சமையலறையில், இந்த அம்மாள் பக்கத்தில் நின்று. கல்லையும் வாணலியையும் எண்ணெயையும் வைதுகொண்டே இத்தனை வருடங்கள் அவர் கத்தியதெல்லாம் எனக்குள் போய்ச் சேர்ந்து, நான் அங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றபோது வெளியே வந்திருக்கிறது. வீட்டிலிருந்து தப்பித்து அங்கே போனேன் என்று நினைத்தேன். கத்தத் தெரிந்ததே வீட்டிலிருந்துதான்.

“இன்னாடா இளிப்பு? இங்க கை வெந்துபோச்சி, அங்க உங்களுக்கு சிரிப்பு பொத்துகினு வருதா? ஏம்மா சௌமியா, சிலை மாரி நிக்கிறியே, ஐஸை எடு!”

ஃப்ரிட்ஜ் கூடத்தில். நான் அவர் கையைப் பிடித்துக் குழாயின் கீழே நீட்டியிருந்தேன். “எழில், கொஞ்சம் ஐஸ்...” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. “எழில்...” சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

முதுகில் அந்தக் கதவு திறந்தது. வீட்டில் அது திறந்தது அதுவே முதல் தடவை.

“எழில்! நில்லாதே, ஓடு! ஃப்ரிட்ஜ்ல ஐஸ் எடுத்துட்டு வா!”

குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் தன் கையை மறந்து என் வாயைப் பார்த்தார். கூடத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது. திரைச்சீலை விலகியது. ஐஸ் தட்டை அப்படியே பெயர்த்து எடுத்துக்கொண்டு எழில் வந்து நின்றான், அவன் பின்னால் மற்ற இருவர்.

“அண்ணி” என்றான். “அண்ணி... தொமாரியா?”

“முதல்ல அத்தை கையில ஐஸை வை.”

வைத்தான். கண் என்மேல்தான் இருந்தது. “பக்கத்து ரூம்ல தொமாரி இருந்திருக்கு. எனக்கு இட்லி ஊத்திப் போட்டிருக்கு. எனக்குத் தெரியல பாரு.”

“டப்பிங்ல பாக்குறவன்லாம் மனுசனான்னு கேட்டியே, அப்புறம் எப்படிடா சொல்றது?”

அவன் முகம் போன போக்கைப் பார்த்து ரோஷினி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். “நான் அப்பவே சொன்னேன்ல, நெசமான குரல்னு!”

விஷால் திரைச்சீலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நெளிந்தான். “சாரி அண்ணி. ரொம்ப நேரமா சுட்டுக்கினே இருந்துட்டேன்.”

“பரவாயில்ல. சின்ன நெருப்புதானே.”

“இன்னாங்கடா, ஆளாளுக்குப் பேய் பாத்த மாரி நிக்கிறீங்க?” என்றார் மாமியார். “எனக்கும் சொல்லுங்க. சுட்டது எனக்கு.”

அவரைக் கூடத்துக்கு அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தோம். ஐஸ் சுற்றிய துணியோடு கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் திரையைப் பார்த்தார். விஷால் என்னிடம் கண்ணால் அனுமதி கேட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினான். நீல நெருப்பு போய்த் தொமாரிமேல் பட்டது. ‘ஸ்ஸ்ஸ், ஹா, ஹா, ஸப்பா.’

“இன்னொரு தபா உடு.”

விட்டான்.

“இது நானா?”

“நீங்கதான் அத்தை” என்றேன். “எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது.”

அவர் ஐஸ் துணியை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டார். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவரிடம் கேட்காமல் அவருடைய ஒன்றை எடுத்து ஊர் சிரிக்கக் கொடுத்திருக்கிறேன்.

“ரெண்டு தபாதான் ஊதுது” என்றார் கடைசியில். “நான் மூணு தபா ஊதுவேன். சரியா கவனிக்கல நீ.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இவ்ளோ கொரல வெச்சிகினு ஊட்ல ஏம்மா எலி மாரி பேசற? நீ பேசறதக் கேக்க நான் டீவிய அமுக்க வேண்டிகீது. எனக்குத்தான் காது போச்சின்னு ஆஸ்பத்திரிக்கி வேற போய் வந்தேன்.”

எழில்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும். நானும். உள்ளங்கையில் பொத்தாமல் சிரித்ததில் எனக்கே என் சிரிப்பு யாருடையதோ போல் கேட்டது.

அடை சாப்பிட்டு முடிவதற்குள் பால்கனிக்குப் போய்க் கலியமூர்த்தியை அழைத்தேன்.

“நினைச்சுப் பண்ணல சார்” என்றேன். “ஆனா தவறியும் பண்ணல.”

“அம்மா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா.”

“எங்க வீட்டுல விரல் சுட்டா இப்படித்தான் கத்துவாங்க. பக்கத்து வீட்டுலயும் இப்படித்தான். தொமாரி தமிழ்ல பேசறான்னா அவனுக்குத் தமிழ்லதான் சுடும். நம்ம ஆளுங்க பாதிப் பேர் சிரிக்கிறது, அது அவங்கவங்க வீட்டுச் சத்தம்னு தெரிஞ்சதாலதான். வேற யாரையாவது வெச்சுப் பேசினாலும் அந்த இடத்துல இதுதான் வரணும். அப்படி எழுதிக்கோங்க.”

“இவ்ளோ சத்தமா நீங்க பேசி நான் கேட்டதே இல்ல” என்றார். “இதை எப்படி இங்கிலீஷ்ல எழுதறது?”

“அது உங்க பாடு சார்.”

போனை வைத்தேன். முடிவு எப்படி வந்தாலும் அந்தச் சத்தத்தை நான் கைவிடவில்லை. அது ஒன்றாவது என் கையில் இருந்தது.

திங்கட்கிழமை முழுக்கப் போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம், மாமியாரின் விரலில் மருந்து தடவிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

“வெச்சுக்கச் சொல்லிட்டாங்க” என்றார் கலியமூர்த்தி, வணக்கம்கூடச் சொல்லாமல். “அப்படியே இருக்கட்டுமாம். மூணாவது பாகமும் நீங்கதான். இன்னொண்ணு கேளுங்க. அவங்க ஊர்ல விரல் சுட்டா காது மடலைப் பிடிச்சுப்பாங்களாம், அது குளிர்ச்சியா இருக்குமாம். அங்க தொமாரிக்குப் பேசறதும் ஒரு பொம்பளதான். சின்ன நெருப்புக்கு அந்தம்மா காதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கத்தினாங்களாம். உங்க காரணத்தைப் படிச்சுட்டு ரொம்ப சிரிச்சாங்கன்னு எழுதியிருக்காங்க.”

சரி சார், சரி சார் என்று மட்டும் சொன்னேன். காது மடலைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. எங்கோ ஒரு ஊரில், என்னைப் போலவே தனியாக மைக்கின் முன் நின்று, காதைப் பிடித்துக்கொண்டு கத்திய ஒரு பெண்ணை நினைத்தேன். அவளும் யாரிடமிருந்தோ எடுத்திருப்பாள். தரையில் அப்படியே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன்.

“ஒரே ஒரு திருத்தம் கேக்கறாங்க” என்றார் கலியமூர்த்தி. “பெரிய நெருப்பு கொஞ்சம் பொய்யாத் தெரியுதாம். சின்னது மாதிரியே அதுவும் உங்க வீட்டுச் சத்தமா வேணுமாம். அடுத்த வாரம் வந்து பேசிக் குடுத்துடுங்க.”

மருந்து டப்பாவை மூடிக்கொண்டே மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். டீவி ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதை அமுக்கவில்லை.

“வேல போவல, அதானே?”

“போகல அத்தை.”

“அப்ப சரி. மூஞ்சியப் பாத்தே நெனச்சேன், இன்னாவோ கீதுன்னு. ரெண்டு நாளா பாத்திரத்தத் தேய்ச்சித் தேய்ச்சி ஓட்ட பண்ண இருந்த.”

சாயங்காலம் எழில் வந்ததும் அவனுக்கும் சொன்னேன். அவன் கையைத் தூக்கி ஆடிவிட்டு, “ஆனா அண்ணி, ஆட்டம் சுமார்தான். சொந்தக்காரங்க உள்ள இருக்காங்கன்னு மார்க் ஏத்திப் போட முடியாது” என்றான்.

“போட வேண்டாம்.”

“இன்னும் நாலு வீரன் கண்டிப்பா வேணும். அந்தக் கதைப் பகுதி சுத்த ஏமாத்து.” கொஞ்சம் யோசித்தான். “நெருப்பு நல்லாருக்கு.”

பெரிய நெருப்பு எனக்குப் புரியவில்லை. நான் அலறிய அலறல் எல்லாம் எங்கோ கேட்ட அலறல்கள். இரவுச் சாப்பாட்டுக்குக் கல்லை வைத்தபோது மாமியாரிடமே கேட்டேன்.

“அத்தை, பெருசா சுட்டா எப்படிக் கத்துவீங்க?”

அவர் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தார். வலது முழங்கைக்கு மேலே அவருக்கு ஒரு பழைய தழும்பு உண்டு. அது எப்படி வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

“பெருசா சுட்டா எங்க கத்துறது?” என்றார். “சத்தமே வராது. வாய் தொறந்தபடி நிக்கும். காத்துகூட உள்ள போவாது.”

நான் அடுப்பைச் சிறியதாக்கினேன்.

“அப்புறம் ரெண்டு நாள் உடாம கத்துவேன்” என்றார். “உங்க மாமனாரு இருந்தா சொல்லுவாரு. பாவம், பால்கனியிலயே படுத்துகினாரு.”

கலியமூர்த்தியிடம் மைக்கை அணைக்காமல் சற்று நேரம் சும்மா விடச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். முதலில் அந்தத் திறந்த வாய். கத்தல் அதற்குப் பிறகு.

“மாவ எடு” என்றார் மாமியார். “கல்லு காயுது.”

“இதோ எடுக்கறேன்!” என்றேன்.

“தோ பார்றா” என்றார் அவர். “கேக்குது.”